வெறுங்கால் கணக்கு: கொல்லிமலையிலிருந்து 1911ஐ வாசித்தல்

கொல்லிமலைக்கு நான் முதலில் ஏறியது அறிவொளி நாட்களில். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கையில் எழுத்தட்டையோடு போனவன். எழுத்துச் சொல்லித்தரப் போனோம் என்ற நினைப்பு அப்போது இருந்தது. அந்த நினைப்பு போய் வெகுநாளாகிவிட்டது, மலையேறுவது மட்டும் நிற்கவில்லை. சோளக்காட்டுச் சந்தை, மிளகு விலை, காட்டிலாகாவோடு தகராறு என்று ஏதாவது ஒரு சாக்கு கிடைத்துவிடுகிறது.

சாயங்காலமானால் செம்மேட்டுப் பக்கம் விடுதிப் பையன்கள் பந்து உதைப்பார்கள். மேடும் பள்ளமுமான தரை. ஒரு பக்கம் கோல் கம்பத்துக்குச் சில்வர் ஓக் கழிகள் நட்டிருந்தார்கள். மறுபக்கம் இரண்டு கல், அவ்வளவுதான். ஆடுகிறவர்களில் இரண்டு பேரிடம் சேர்த்து ஒரே ஒரு ஜோடி ஷூ. யாரோ கீழ்நாட்டுக்காரர் கொடுத்துவிட்டுப் போன பழைய ஷூ அது. வலக்கால் ஆட்டக்காரன் வலது ஷூவை மாட்டிக்கொள்வான், இடக்கால்காரன் இடதை. மறுகால் இரண்டு பேருக்கும் வெறுங்கால். இப்படி ஒரு பங்கீட்டை எந்தப் பொதுவுடைமைப் பிரசுரத்திலும் நான் படித்ததில்லை.

ஒருமுறை இந்தப் பையன்கள் கீழே ஒரு போட்டிக்குப் போனார்கள். ஊர்ப் பெயர் வேண்டாம், நடத்தியவர்கள் பெயரும் வேண்டாம். ஷூ இல்லாமல் ஆடக் கூடாது, விதி இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். பையன்கள் சண்டை போடவில்லை. உட்கார்ந்து மற்றவர்கள் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்து மலையேறிவிட்டார்கள். மறுநாள் அவர்களுக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று 1911 கதையைச் சொன்னேன். வெறுங்காலோடு ஆடிய பதினொரு இந்தியர்கள் பூட்ஸ் போட்ட வெள்ளைக்காரப் பட்டாளத்தைக் கல்கத்தாவில் தோற்கடித்த கதை. கதை நன்றாகவே எடுபட்டது. கோல் விழுந்த இடத்தில் கை தட்டினார்கள். முடிந்ததும் இடக்கால்காரன் கேட்டான்:

“அந்தப் பதினோரு பேர்ல நம்மளாட்டம் மலக்காரங்க யாராச்சும் இருந்தாங்களா சார்?”

“இல்லடா” என்றேன். “அப்ப சரி” என்று எழுந்து போய்விட்டான். அந்த ‘அப்ப சரி’க்கு என்ன அர்த்தம் என்று யோசித்ததில்தான் இந்தக் கட்டுரை ஆரம்பமாகிறது. விளையாட்டுப் பக்கத்துக்கான சமாச்சாரம் என்று நண்பர்கள் இதைத் தள்ளிவிடக் கூடாது. உடல், அதிகாரம், ஒழுங்குபடுத்தல் என்று இவ்வளவு காலமாகப் பேசிவந்திருக்கிறோம். காலைப் பற்றி நாம் பேசியது மிகக் குறைவு.

*

பந்து எப்படி வந்தது? பட்டாளத்தோடும் பள்ளிக்கூடத்தோடும் வந்தது. இங்கிலாந்தின் உயர்குடிப் பள்ளிகளில் கால்பந்து வெறும் பொழுதுபோக்காக இருக்கவில்லை. உத்தரவுக்குக் கீழ்ப்படிகிற, அதே சமயம் உத்தரவு போடவும் தெரிந்த உடல்களைத் தயாரிக்கிற பட்டறையாக இருந்தது. ஆளப்போகிறவனுக்கான அந்தப் பயிற்சியை ஆளப்படுகிறவன் பிள்ளைக்கும் கொடுக்கலாம் என்று நினைத்தவர்கள் மிஷனரிகளும் கல்லூரி ஆசிரியர்களும். நம் பக்கத்தில் இந்தக் காரியம் கொஞ்சம் தாமதமாகத்தான் நிறுவனமாயிற்று. 1920இல் ஹாரி குரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரியைத் தொடங்கினார். நமது டிரில் வாத்தியார், விசில், வரிசை, ‘அட்டென்ஷன்’ எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு வேர் இருக்கிறது.

ஆனால் ஆதியிலேயே ஒரு சிக்கல் இருந்தது. பந்து தோல். காஷ்மீரில் ஸ்ரீநகர் மிஷன் பள்ளிக்கு 1890இல் வந்து சேர்ந்த டிண்டேல் பிஸ்கோ என்ற பாதிரியார், அடுத்த வருஷம் ஒரு கால்பந்தைக் கொண்டுவந்து மாணவர்கள் முன்னால் வைத்தார். மாணவர்களில் பெரும்பாலோர் பிராமணப் பிள்ளைகள். இது எதனால் ஆனது என்று கேட்டார்கள். தோல் என்றதும் தொட மாட்டோம் என்றார்கள். ஆசிரியர்கள் கம்போடு சுற்றி நிற்க, ஆட்டம் நடந்தே தீர்ந்தது. பந்து ஒரு பையன் முகத்தில் பட்டு, தீட்டாகிவிட்டது என்று அவன் அலறினான். வாய்க்காலில் முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்து ஆடு என்றார் பாதிரியார். இதை அவரே பெருமையாக எழுதிவைத்திருக்கிறார்.

இந்தக் காட்சியை எப்படி வாசிப்பது? சாதித் தீட்டை உதைத்துத் தள்ளிய முற்போக்குச் செயல் என்று ஒரு வாசிப்பு. காலனியம் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்து உடலைப் பழக்கிய வன்முறை என்று இன்னொரு வாசிப்பு. இரண்டும் உண்மை, ஒன்றை வைத்து மற்றதை அழித்துவிட முடியாது. எனக்கு உறுத்துவது மூன்றாவது ஆள். அந்தத் தோலை உரித்துப் பதனிட்டுத் தைத்தவன் இந்தக் கதையில் எங்கேயும் இல்லை. தீட்டுப்பட்டவன் இருக்கிறான், தீட்டைக் கழுவச் சொன்னவன் இருக்கிறான். பந்தைத் தைத்த கை மட்டும் காணோம். பின்னாளில் சியால்கோட் உலகத்துக்கே பந்து தைத்துக்கொடுக்கும் ஊராக ஆனபோதும் அந்தக் கை காணாமலேதான் இருந்தது.

கல்கத்தாவில் கதை வேறு மாதிரி தொடங்கியது. 1877 வாக்கில் ஹேர் பள்ளி மாணவன் நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி வெள்ளைக்காரர்கள் ஆடிய மைதானத்தருகே வண்டியை நிறுத்தி, தன் பக்கம் வந்த பந்தை உதைத்தான் என்றும், பிறகு தோழர்களோடு காசு சேர்த்து வாங்கிய பந்து கால்பந்தே அல்ல, ரக்பி பந்து என்றும், அதைக் கண்டுபிடித்துச் சொல்லி ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் என்றும் சொல்கிறார்கள். தோற்றக் கதைகளுக்கே உரிய மெருகு இதில் இருக்கிறது. ஆனாலும் அந்த ரக்பி பந்து எனக்குப் பிடிக்கும். என்ன பந்து என்று தெரியாமலே உதைக்க ஆரம்பித்தார்களே!

இதைவிட முக்கியமானது அதற்குப் பிறகு நடந்தது. சர்வாதிகாரியின் வெலிங்டன் கிளப்பில் மணி தாஸ் என்ற குயவர் வீட்டுப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று மேல்சாதி உறுப்பினர்கள் எதிர்த்தார்கள். சர்வாதிகாரி கிளப்பையே கலைத்துவிட்டார். பிறகு வந்ததுதான் சோவாபஜார் கிளப். 1892இல் டிரேட்ஸ் கோப்பையில் கிழக்கு சர்ரே பட்டாளத்தை 2-1 என்று அந்தக் கிளப் தோற்கடித்தது. வெள்ளைக்காரனுக்கு எதிரான முதல் பெரிய வெற்றிகளில் ஒன்றுக்குப் பின்னால் ஒரு சாதிச் சண்டை இருக்கிறது என்பதை தேசிய வரலாறு அடிக்குறிப்பாகக்கூடச் சொல்வதில்லை.

*

இனி 1911. மோகன் பகான் 1889இல் வடக்குக் கல்கத்தாவில் தொடங்கப்பட்ட கிளப். 1906, 1907, 1908 என்று வரிசையாக மூன்று வருஷம் டிரேட்ஸ் கோப்பையை வென்றிருந்தார்கள். ஐ.எஃப்.ஏ. கேடயம் அதைவிடப் பெரியது. 1893இல் தொடங்கிய அந்தக் கேடயத்தை அதுவரை எந்த இந்திய அணியும் வென்றதில்லை. ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும்: 1911இல் மோகன் பகான் கல்கத்தா லீகின் இரண்டாம் பிரிவில்கூட இல்லை. இந்தியர்களுக்கு லீகில் இடம் ஒதுக்கும் விஷயத்தில் வெள்ளைக்காரக் கிளப்புகள் வெகு கறாராக இருந்தன. 1914இல் இரண்டாம் பிரிவு, 1915இல் முதல் பிரிவு. கேடயத்தை ஜெயித்த அணி லீக் வாசலில் மூன்று வருஷம் நிற்க வேண்டியிருந்தது.

அந்த ஜூலை மாதத்து ‘சீசன்’ ஒரு கல்லூரி அணியோடு தொடங்கியது என்பது பலருக்கு ஞாபகமில்லை. முதல் சுற்றில் எதிரணி செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி, யேசு சபையாருடையது. 3-0. அடுத்தது ரேஞ்சர்ஸ், 2-1. மூன்றாவது ரைஃபிள் பிரிகேட் பட்டாளம், 1-0. அரையிறுதியில் மிடில்செக்ஸ் பட்டாளம். முதல் ஆட்டம் 1-1 என்று முடிந்து, மறு ஆட்டத்தில் 3-0. கல்லூரி, கிளப், பட்டாளம் என்று ஏறிய இந்த வரிசையே காலனிய சமூகத்தின் ஒரு படிக்கட்டு. வகுப்பறையில் தொடங்கி பாசறையில் போய் முடிகிறது.

அணியில் கல்லூரியோடு நேரடித் தொடர்புள்ள ஒருவர் இருந்தார், சுதிர் சாட்டர்ஜி. பவானிப்பூர் லண்டன் மிஷன் கல்லூரி ஆசிரியர், கிறிஸ்தவர், இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். பதினொரு பேரில் பூட்ஸ் போட்டு ஆடியவர் அவர் ஒருவர்தான். மற்ற பத்துப் பேரும் வெறுங்கால். எல்லாப் புத்தகங்களும் இந்த வித்தியாசத்தைக் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. நான் இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். வெறுங்கால் என்பதை நாம் ஒரு தேசிய அடையாளமாக, ஏதோ திட்டமிட்ட எதிர்ப்பாகக் கட்டமைத்துவிட்டோம். காந்தியின் அரைவேட்டியைப் பின்னோக்கி நகர்த்தி 1911இன் கால்களில் கட்டிவிட்டதுபோல. உண்மை அவ்வளவு அலங்காரமானதல்ல. அவர்கள் வெறுங்காலோடுதான் பழகினார்கள். பூட்ஸுக்குக் காசு வேண்டும், பழக்கமும் வேண்டும். வெறுங்காலில் பந்து விரல்களுக்குக் கேட்கும், திருப்பலாம், சட்டென்று நிறுத்தலாம். ஆனால் அது கல்கத்தாவின் ஜூலை. மழை பெய்து தரை சேறானால் வெறுங்கால் வழுக்கும், பூட்ஸின் ஆணி வழுக்காது. அதோடு பட்டாளத்துக்காரன் பூட்ஸ் வெறும் பாதத்தின் மேல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை நண்பர்கள் கற்பனை செய்துகொள்ளலாம். வெறுங்கால் அழகியல் அல்ல, ஆபத்து. அதை அடையாளமாக்கியவர்கள் பெரும்பாலும் செருப்புப் போட்டவர்கள்.

ஜூலை 29. இறுதி ஆட்டம் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தோடு. 60,000 பேர் என்றும் 80,000 பேர் என்றும் கணக்குச் சொல்கிறார்கள். தனி ரயில் விட்டார்கள். இரண்டு ரூபாய் டிக்கெட் பதினைந்து ரூபாய்க்கு விற்றதாகப் பத்திரிகைகள் எழுதின. மைதானத்துக்குள் போக முடியாதவர்களுக்கு, மரத்தில் ஏற இடம் கிடைக்காதவர்களுக்கு, கோல் கணக்கைப் பட்டம் விட்டுத் தெரிவித்தார்கள். இந்தப் பட்டம்தான் மொத்தக் கதையிலும் எனக்கு மிகவும் பிடித்த இடம். தந்தியும் பத்திரிகையும் எவன் கையில் இருந்தாலென்ன, வானம் பொதுதானே.

இடைவேளைக்குப் பிறகு சார்ஜென்ட் ஜாக்சன் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார். பட்டாளம் 1-0. பிறகு மோகன் பகான் தலைவர் சிபதாஸ் பாதுரி ஒன்றைத் திருப்பினார். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் அபிலாஷ் கோஷ் இரண்டாவது கோல். 2-1. விசில் ஊதிய பிறகு நடந்ததெல்லாம் புராணம். ஒரு பிராமணர் வந்து, வில்லியம் கோட்டையின் மேல் பறந்த கொடியைக் காட்டி, அதை எப்போது இறக்குவீர்கள் என்று கேட்டாராம். மறுபடி கேடயம் ஜெயிக்கும்போது என்று பதில் வந்ததாம். மோகன் பகான் அடுத்து கேடயத்தை வென்ற வருஷம் 1947. கதை இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தும்போது, பின்னால் உட்கார்ந்து யாரோ தைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுவது நல்லது.

1905இல் கர்சன் வங்காளத்தைப் பிரித்திருந்தார். 1911 டிசம்பர் 12இல் டெல்லி தர்பாரில் பிரிவினை ரத்து என்றும், தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்குப் போகிறது என்றும் ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தார். கால்பந்தால் பிரிவினை ரத்தாயிற்று என்று சொல்கிற அளவுக்கு எனக்குத் துணிச்சலில்லை. ஆனால் வங்காளி உடலே பெண்மை கலந்தது, போர்க்குணமில்லாதது என்று மெக்காலே காலத்திலிருந்து ஆங்கிலேயன் எழுதிவைத்திருந்த வாக்கியத்தின் மேல் பத்து வெறுங்கால்களும் ஒரு பூட்ஸும் ஏறி மிதித்தன என்பது நிஜம். முஸ்லிம் பத்திரிகைகளும் இந்த வெற்றியைக் கொண்டாடின. அதையும் மறக்கக் கூடாது.

சரி, இந்த வெற்றி யார் கணக்கில் வரவு வைக்கப்பட்டது? ஆங்கிலம் படித்த, மேல்சாதி, நகர வங்காளி ஆண் கணக்கில். அவனே ‘வங்காளி’ ஆனான், அப்புறம் அவனே ‘இந்தியன்’ ஆனான். பெண்மை கலந்தவன் என்ற வசைக்குக் கிடைத்த பதில் ‘நான் ஆண்’ என்பதாக இருந்ததே தவிர, பெண்மை என்றால் என்ன கேடு என்று யாரும் திருப்பிக் கேட்கவில்லை. முகமதியன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து லீக் கோப்பையை வென்றபோது – அதுவரை எந்த இந்திய அணியும் வெல்லாத கோப்பை அது – அதே அளவுக்கு ‘தேசம்’ அதைச் சொந்தம் கொண்டாடவில்லை. ‘அப்ப சரி’ என்று எழுந்து போன பையனுக்கு இந்தப் புத்தக விவரமெல்லாம் தெரியாது. ஆனால் வரவுப் பக்கத்தில் தன் பெயர் இல்லை என்பதை ஒரே கேள்வியில் கண்டுபிடித்துவிட்டான்.

*

அப்படியானால் மலைக்காரர்கள், பழங்குடிகள் ஆடி ஜெயித்த அணி எங்கே இருந்தது? தேடியபோது அதே 1911இல் ஒன்று அகப்பட்டது. ஆனால் அமெரிக்காவில். ஆட்டமும் வேறு. அமெரிக்கக் கால்பந்து பேருக்குத்தான் கால்பந்து, பெரும்பாலும் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுகிற ஆட்டம். (சர்வாதிகாரி தவறிப்போய் வாங்கினாரே ரக்பி பந்து, அதன் பங்காளி.)

பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரின் பழைய ராணுவப் பாசறையில் 1879இல் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. தொடங்கியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. அதற்கு முன் ஃபுளோரிடாவில் பழங்குடிக் கைதிகளுக்குக் காவலாக இருந்தவர். சிறையில் செய்து பார்த்ததைப் பள்ளியில் செய்தார். செவ்விந்தியனை அழித்து, அவனுக்குள்ளிருக்கும் மனிதனைக் காப்பாற்றுவது என்பது அவருடைய கொள்கை. பல நூறு மைல் தொலைவிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்தார்கள். முடியை வெட்டினார்கள். பெயரை மாற்றினார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. விடுமுறையில் வீட்டுக்கு அனுப்பாமல் வெள்ளைக்காரக் குடும்பங்களில் பண்ணை வேலைக்கும் வீட்டு வேலைக்கும் விட்டார்கள். வந்தபோது எடுத்த படம், சில வருஷம் கழித்து எடுத்த படம் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து அச்சிட்டு நன்கொடையாளர்களுக்குக் காட்டினார்கள். ‘முன்’, ‘பின்’. நமது நலத்திட்ட அறிக்கைகளில் இந்தப் புகைப்பட இலக்கணம் இன்னும் சாகவில்லை.

கார்லைல் கல்லூரியே அல்ல. தச்சு, தையல், கொல்லு வேலை கற்றுக்கொடுத்த தொழிற்பள்ளி. ஆனால் அதன் கால்பந்து அணி ஹார்வர்டு, பென்சில்வேனியா போன்ற பெரிய பல்கலைக்கழகங்களோடு ஆடியது. கல்லூரியாகாமலே கல்லூரி அணியானது. ஒருவன் கால் முறிந்ததும் பிராட் ஆட்டத்தைத் தடை செய்திருந்தார். பையன்கள் திரண்டு போய்க் கேட்டார்கள். எதிரி அடித்தாலும் திருப்பி அடிக்கக் கூடாது, சில வருஷத்துக்குள் நாட்டின் தலைசிறந்த அணியைத் தோற்கடிக்க வேண்டும் என்று இரண்டு நிபந்தனை போட்டு அனுமதித்ததாக அவரே எழுதியிருக்கிறார். முதல் நிபந்தனையைக் கவனியுங்கள். அடி வாங்கு, திருப்பிக் கொடுக்காதே, ஜெயித்துக் காட்டு. ஒடுக்கப்பட்டவனிடம் இந்த மூன்றையும் ஒரே மூச்சில் கேட்பது எல்லா ஊரிலும் நடக்கிறது.

1911 நவம்பர் 11. ஹார்வர்டு மைதானம். ஹார்வர்டு பயிற்சியாளர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. அடுத்து ஆடவேண்டிய யேல் அணியை வேவு பார்க்கப் போய்விட்டார். இரண்டாம் தர ஆட்டக்காரர்களை முதலில் இறக்கினால் போதும், இவர்களுக்கு இது போதும் என்பது நினைப்பு. கார்லைல் பக்கம் ஜிம் தோர்ப். சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தவர், ஓக்லஹாமாக்காரர். கணுக்காலில் காயம், கட்டுப் போட்டிருந்தார். அந்தக் காலால் நான்கு முறை பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி சேர்த்தார். கார்லைல் 18, ஹார்வர்டு 15. அந்த சீசனில் பன்னிரண்டு ஆட்டத்தில் பதினொன்று ஜெயம். ஒரே ஒரு தோல்வி, அடுத்த வாரமே சிராக்யூஸ் அணியிடம் ஒரு புள்ளியில், 12-11. மறு வருஷம் நவம்பர் 9இல் வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியை அதன் சொந்த மைதானத்திலேயே 27-6 என்று தோற்கடித்தார்கள். ராணுவ அணியில் ஆடியவர்களில் ஒருவர் பின்னாளில் ஜனாதிபதியான ஐசன்ஹோவர். வூண்டட் நீயில் அந்த ராணுவம் லக்கோட்டா மக்களைப் பெண்கள், குழந்தைகள் என்று பாராமல் சுட்டுத்தள்ளியது 1890 டிசம்பரில். இருபத்திரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அதை நினைவூட்டித்தான் பயிற்சியாளர் பாப் வார்னர் பையன்களுக்கு வெறி ஏற்றினார் என்று ஒரு கதை உண்டு. உண்மையோ பொய்யோ, அவர்கள் தாத்தாக்களின் மரணம் அவருக்கு ஆட்ட உத்தியாகப் பயன்பட்டது என்பதைத்தான் அந்தக் கதை ஒப்புக்கொள்கிறது.

இங்கேயும் வரவுக் கணக்கைப் பார்ப்போம். இங்கே அது உவமையல்ல, நிஜமான பணம். ஆட்டங்களில் வசூலான தொகை ஒரு விளையாட்டு நிதிக்குப் போனது. 1914இல் அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை நடந்தபோது அந்த நிதி எப்படிக் கையாளப்பட்டது என்பதெல்லாம் சந்திக்கு வந்தது. விசாரணைக்குக் காரணமே மாணவர்கள் அனுப்பிய மனு. அதை முன்னின்று நடத்தியவர் அணியின் ஆட்டக்காரர் கஸ் வெல்ச். ஹார்வர்டை வென்றதைவிட இதுதான் பெரிய ஆட்டம் என்பேன். புள்ளிப் பட்டியலில் இதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

தோர்ப்புக்கு நடந்தது உலகறிந்தது. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெகத்லான் இரண்டிலும் தங்கம். 1913இல் இரண்டையும் பிடுங்கிக்கொண்டார்கள். 1909, 1910 கோடைகளில் சில்லறைக் காசுக்கு பேஸ்பால் ஆடினார், ஆகவே அவர் ‘அமெச்சூர்’ அல்ல என்பது குற்றச்சாட்டு. வசதி வீட்டுக் கல்லூரிப் பையன்களும் அதே காசுக்கு ஆடினார்கள், பொய்ப் பெயரில். தோர்ப் சொந்தப் பெயரில் ஆடினார். காசு வாங்காமல் ஆடுவதுதான் உன்னதம் என்ற விதி, காசு தேவைப்படாதவன் எழுதிய விதி. ஷூ இல்லாமல் ஆடக் கூடாது என்பதன் அண்ணன். விருது பறிக்கப்பட்டபோது பழங்குடிகளில் பெரும் பகுதியினர் அந்த நாட்டுக் குடிமக்களே அல்ல. எல்லோருக்கும் குடியுரிமை தந்த சட்டம் 1924இல்தான் வந்தது. தோர்ப் 1953இல் இறந்தார். 1982இல் ‘கூட்டு வெற்றியாளர்’ என்று பாதி நியாயம் கிடைத்தது, 2022இல் தனி வெற்றியாளர் என்று மீதி.

பள்ளி 1918இல் மூடப்பட்டது. அங்கே 180க்கும் மேற்பட்ட பிள்ளைகளின் கல்லறைகள் இருந்தன. 2024 அக்டோபரில் அமெரிக்க ஜனாதிபதி பைடன் இத்தகைய பள்ளிகளுக்காக மன்னிப்புக் கேட்டார், டிசம்பரில் கார்லைல் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது. சில இனத்தவர்கள் தங்கள் பிள்ளைகளின் எலும்புகளைத் தோண்டி ஊருக்கு எடுத்துப்போயிருக்கிறார்கள். ஹார்வர்டை வென்ற கோப்பை யாரையும் காப்பாற்றவில்லை.

*

கார்லைலைச் சொன்னவுடனே கொல்லிமலை விடுதிகளும் அப்படித்தான் என்று தாவிவிடுகிற நண்பர்கள் இருக்கிறார்கள். நான் தாவத் தயாரில்லை. இங்கே பிள்ளைகளை ராணுவம் பிடித்துக்கொண்டு போகவில்லை. தாய் தகப்பனே கொண்டுவந்து விடுகிறார்கள். சாமையும் தினையும் விளைந்த நிலம் சுருங்கி, பெரியவர்கள் மிளகு பறிக்கக் கேரளத்துக்குப் போய்விடுகிற மாதங்களில் விடுதிதான் சோறு. ஆனால் ‘முன்’, ‘பின்’ படங்களின் நிழல் இல்லவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். மலைப் பேச்சைப் பேசினால் சிரிக்கிறார்கள் என்று பையன்கள் சொல்கிறார்கள். ஆடியில் வல்வில் ஓரி விழா எடுக்கிறோம், சிலைக்கு மாலை போடுகிறோம், வில்வித்தைப் போட்டி வைக்கிறோம். ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தவன் காரி என்பதையும், மலை அன்றைக்கே கீழ்நாட்டு அரசியலின் பந்தயப் பொருளாக இருந்தது என்பதையும் மேடையில் யாரும் அழுத்திச் சொல்வதில்லை.

கொல்லிமலைக்கும் மிஷனரி வந்தார். 1913இல் ஜெஸ்ஸி பிராண்டும் மனைவி எவலினும் வாழவந்தியில் குடியேறினார்கள். வைத்தியம், பள்ளி, தச்சு என்று கலந்து வேலை செய்தார்கள். 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். அவர்கள் மகன் பால் பிராண்ட் இந்த மலையில் மரமேறி வளர்ந்தவர், ஒன்பது வயதில் படிக்க இங்கிலாந்து போனவர். 1946இல் வேலூர் வந்து தொழுநோய் மருத்துவத்தையே திருப்பிப் போட்டார். விரல்கள் நோயால் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டு, சுட்டு, தேய்ந்து அழிகின்றன என்று நிறுவினார். உணர்ச்சியற்ற பாதத்துக்கென்று மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு வந்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. செருப்பு எதற்கு என்ற கேள்விக்கு மரியாதையான பதில் ஒன்று உண்டென்றால் அது இதுதான். பாதத்தைக் காக்க. ஆளை வெளியே நிறுத்த அல்ல.

பையனின் கேள்விக்கு வருகிறேன். 1911இல் மலைக்காரர் இல்லை. ஆனால் 1948இல் இருந்தார். தாலிமெரென் ஆவ், நாகா மலைக்காரர், மிஷனரியின் மகன். கவுகாத்தி காட்டன் கல்லூரி, பிறகு கல்கத்தா கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி. மோகன் பகான் அணித் தலைவரானார். லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் கால்பந்து அணிக்கும் தலைவர், கொடி தாங்கிப் போனவரும் அவரே. ஜூலை 31இல் பிரான்சோடு ஆட்டம். நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்கால். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் போட்டார். இரண்டு பெனால்டிகள் வீணாயின, 1-2 என்று தோற்றோம். வெறுங்காலைத் தடை செய்ததால்தான் 1950 உலகக் கோப்பைக்கு நாம் போகவில்லை என்று பிறகு ஒரு கட்டுக்கதை கிளம்பியது. காரணம் அது மட்டுமல்ல, கால்பந்து நிர்வாகிகள் அந்தக் கோப்பையைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆவ் பரீட்சை முடித்து, டாக்டராகி, மலைக்கே திரும்பிப்போய் வேலை பார்த்தார். அவர் தலைமை தாங்கிய தேசத்துக்கும் அவர் பிறந்த மலைக்கும் இடையில் அடுத்த பத்தாண்டுகளில் என்ன நடந்தது என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம். அந்த அணிப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது எனக்கு ஞாபகம் வருகிறது.

இந்த விவரங்களையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஆவின் படத்தையும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு மறுபடி மலையேறினேன். இடக்கால்காரன் இல்லை. மாமனோடு மிளகுக்குப் போய்விட்டான், எப்போது வருவான் என்று தெரியவில்லை என்றார்கள். வலக்கால்காரன் மைதானத்தில் இருந்தான். இப்போது இரண்டு ஷூவும் அவன் காலில். அளவு பெரிது, முன்னால் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்திருந்தான். படத்தைக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“ரெண்டு கால்லயும் போட்டா ஓட வரல சார்” என்றான். “இடதக் கழட்டி வெச்சுரட்டுங்களா, அவன் வந்தா வேணுமில்ல?”